போர்ட் லூயிஸில் பேய்களைக் குடியமர்த்தும் முன்

மொரிசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் மூடுபனி கிடையாது. ஆனால் என்னிடம் திருத்தத்துக்கு வரும் அமானுஷ்யக் கதைகள் பலவும் மூடுபனியில்தான் தொடங்குகின்றன. மலைக்கு மேற்கே, காற்று மறைவில், கடலைப் பார்த்தபடி வெயிலில் வேகிற ஊர் இது. பனி வேண்டுமென்றால் மேட்டுநிலத்தில் இருக்கும் கியூர்பிப்புக்குப் போக வேண்டும். லண்டன் கதையைப் படித்துவிட்டு நம் தலைநகரத்தை எழுத உட்கார்ந்தால் பனியும் கூடவே வந்துவிடுகிறது.

காமிக்ஸ், வெப் சீரிஸ், ரோல் பிளேயிங் கேம் என்று உருவாக்குகிற இளைஞர்களுக்குக் கதையுலகம் கட்டித் தருவதும், அவர்களே கட்டியதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் தொழில். நிஜ நகரம், நிஜத் தெருக்கள், அவற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு மாய உலகம். இந்த வகைக் கதைக்கு மொரிசியஸில் இப்போது ஆர்வம் கூடியிருக்கிறது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. நம் ஊர்ப் பிள்ளைகள் நம் ஊரிலேயே பேயைத் தேடுவது நல்ல விஷயம். ஆனால் கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த நகரத்தில் கதையாகக்கூடிய ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலர் இறந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. சிலர் இன்றைக்குக் காலையில் சந்தையில் உங்கள் பக்கத்தில் நின்று காய் வாங்கியிருப்பார்கள். எது யாருடையது என்று கேட்காமல் எழுதினால் கதையும் கெடுகிறது, மனிதர்களும் காயப்படுகிறார்கள்.

முதலில் நகரத்தின் நேரத்தைப் பார்ப்போம். பலர் கதையில் ரத்தக்காட்டேரி இரவு பத்து மணிக்கு வேட்டைக்குக் கிளம்புகிறது. போர்ட் லூயிஸில் அந்த நேரத்தில் அது பட்டினிதான் கிடக்கும். பகல் முழுக்க அலுவலகக் கூட்டம், வியாபாரம், வாகன நெரிசல். மாலை ஐந்துக்கு மேல் நகரத்தின் நடுப்பகுதி காலியாகிவிடும். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1864இல் ரயில் வந்தது. 1866 முதல் 1868 வரை மலேரியா ஊரைச் சூறையாடியது. வசதி இருந்தவர்கள் குளிர்ந்த மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போகத் தொடங்கினார்கள். பகலில் நிரம்பி இரவில் வெறிச்சோடும் பழக்கம் அப்போது வேர் விட்டது. பயணிகள் ரயில் 1956இல் நின்றது, சரக்கு ரயில் 1964இல். இப்போது ஓடும் மெட்ரோ, பல இடங்களில் அந்தப் பழைய பாதையின் மேலேயே போகிறது.

நகரம் ஏன் இரவில் காலியாக இருக்கிறது என்பதற்கு உங்கள் கதையுலகம் தரும் மறைமுகமான பதில் என்னவாக இருக்கலாம்? 1860களில் ஊரைவிட்டுப் போனவர்கள் காய்ச்சலுக்கு மட்டும்தான் பயந்தார்களா? இரவை யாருக்கோ விட்டுக்கொடுப்பதாக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தால்? இங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் உலகத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடும், அது வேறெந்த ஊருக்கும் பொருந்தாது. வருடத்தில் ஓர் இரவு மட்டும் இது தலைகீழாகும். செப்டம்பர் 8ஆம் தேதி இரவு, பெர் லவாலின் சமாதியை நோக்கித் தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பல்லாயிரம் பேர் போர்ட் லூயிஸின் சாந்த் குருவாவுக்கு நடந்தே வருகிறார்கள். 1864இல் இறந்த அந்தப் பாதிரியாரைக் கத்தோலிக்கர்கள் மட்டுமின்றி இந்துக்களும் முஸ்லிம்களும் போய்க் கும்பிடுகிறார்கள். காலியான நகரத்துக்குள் ஓர் இரவு மனிதர்கள் திரும்பி வருகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய கதைத் திருப்பம்! அந்த நடையை எழுதுங்கள். சமாதிக்குள் மட்டும் போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது மாயத்தின் விதி. எந்த மாய உலகத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும்: சக்தி எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன விலை. இதை வெளியிலிருந்து இரவல் வாங்கத் தேவையில்லை. நகரத்துக்குப் பின்னால் தெரிகிற பீட்டர் போத் மலையைப் பாருங்கள். உயரம் 820 மீட்டர், உச்சியில் தலை போல ஒரு பாறை. க்ரேவ் கேர் கிராமத்துப் பால்காரர் ஒருவர் மலையைத் தாண்டி போர்ட் லூயிஸுக்குப் பால் கொண்டுபோகும் வழியில் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டாராம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர்கள் சத்தியம் வாங்கினார்களாம். ஊரில் வந்து சொல்லிவிட்டார். அடுத்த முறை போனபோது கல்லாகிப்போனார். இந்தத் தீவில் வளர்ந்த பிள்ளைகள் கேட்டே இருப்பார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1780களில், எத்தியென் போத்தினோ என்பவர் இங்கே இருந்தார். அடிவானத்துக்கு அப்பால் வரும் கப்பல்களை, அவை கண்ணுக்குத் தெரிவதற்கு நாட்கள் முன்பே தன்னால் அறிய முடியும் என்றார். பந்தயம் கட்டி ஜெயித்ததாகச் சொல்வார்கள். அந்த வித்தையை அரசிடம் விற்கப் பிரான்சுக்கே போனார், அங்கே யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒருவர் பார்த்ததைச் சும்மா சொன்னார், கல்லானார். இன்னொருவர் பார்த்ததை விலைக்கு விற்கப் பார்த்தார், ஏளனப்பட்டார். போர்ட் லூயிஸின் மாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் என்ன வேண்டும்? இங்கே பார்க்கிற வரம் இலவசமாகக் கிடைக்கும், வாயைத் திறந்தால்தான் விலை. துறைமுகத்துக்கு மேலே நிற்கும் சிக்னல் மலை, பெயருக்கேற்றபடி, வரும் கப்பல்களைப் பற்றி நகரத்துக்குக் கொடி காட்டிய மலை. உங்கள் கதையில் காவல் காக்கிறவர்கள் உட்கார வேறு இடம் தேட வேண்டாம்.

புதிய கதைகளும் இங்கே பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்து மின்சாரம் போனபோது, தூனி மின்வி என்ற உருவம் நள்ளிரவில் ஆடையில்லாமல் திரிந்து வீடுகளுக்குள் புகுகிறது என்று வதந்தி பரவியது. ஆண்கள் தடியோடு இரவுக் காவல் இருந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இருட்டு, புயல், பூட்டிய வீடு: மூன்று சேர்ந்தால் போதும். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிடும் நாட்டில், கதாபாத்திரங்களை ஓர் இடத்தில் சிக்கவைக்க நீங்கள் வேறு காரணம் யோசிக்க வேண்டியதே இல்லை.

சரி, இனி எச்சரிக்கைக்கு வருகிறேன்.

2013 மார்ச் 30ஆம் தேதி கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் போர்ட் லூயிஸ் மூழ்கியது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் துறைமுகக் கரையில் இருக்கும் கோதான் பக்கத்துச் சுரங்க நடைபாதையில். அந்த நடைபாதையில் நீர்ப்பேய் ஒன்று ஆட்களை இழுக்கிறது என்று எழுதிய ஸ்கிரிப்டுகள் என்னிடம் வருகின்றன. எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி. ஆனால் இறந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் இதே ஊரில் இருக்கிறார்கள், இதே வழியாக வேலைக்குப் போகிறார்கள். அந்த மரணத்தைப் பேயின் கணக்கில் எழுதும்போது இன்னொரு அநியாயமும் சேர்ந்து நடக்கிறது: வடிகால், கட்டுமானம், திட்டமிடல் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் அமுங்கிப்போகின்றன. இதை நான் மிகவும் கண்டிப்பாகச் சொல்லிவருகிறேன். மரணங்களை விட்டுவிட்டு ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். லெ பூஸ் மலையிலிருந்து இறங்கி, நகரத்தின் நடுவே கால்வாயில் அடைபட்டு, கட்டடங்களுக்கு இடையில் நெருக்கப்பட்டுக் கடலுக்குப் போகிற ஓடை அது. அதற்கு ஓர் ஆவி இருந்தால் அது என்ன கேட்கும்? இந்தக் கேள்வி யாரையும் புண்படுத்தாது. கதையாகவும் அதுவே ஆழமானது.

பேரழிவுதான் வேண்டுமென்றால் 1816இன் பெரும் தீ இருக்கிறது, 1892 ஏப்ரல் 29ஆம் தேதிப் புயல் இருக்கிறது. நேரில் கண்டவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. அதிலும் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கே கற்பனைக்கு இடம் இருக்கிறது.

ஆப்ரவாசி காட் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது என்ற வாதம் செல்லாது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் கப்பலிலிருந்து வந்து இறங்கிய துறைமுக முகாம்தான் ஆப்ரவாசி காட். 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பதினாறு படிகளைப் பற்றி எழுதினால், இந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று பொருள். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன: பெயர், எண், கிராமம், சிலருக்குப் புகைப்படம். மக்கள் இன்றும் அங்கே போய்த் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று அங்கிருந்து ஒரு பெயரையும் எண்ணையும் எடுத்து நடைபிணத்துக்கு வைக்காதீர்கள். அது ஒருவருடைய பூட்டனாக இருக்கும். பதிவேட்டிலிருந்து வாழ்க்கையின் விவரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பெயரை நீங்களே உருவாக்குங்கள்.

ஆப்ரவாசி காட்டிலிருந்து சில அடி தூரத்தில், 1740இல் கட்டிய பழைய ராணுவ மருத்துவமனையில் அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கதைகளில் பெரும்பாலும் பழிவாங்கும் ஆவிகளாக மட்டுமே வருகிறார்கள். உயிரோடு இருந்தபோது பெயரைப் பிடுங்கினார்கள். செத்த பிறகு நாம் குணத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது, பாட்டு இருந்தது, காதலும் பொறாமையும் இருந்தன. கோபத்தைத் தவிர வேறு ஒன்றாவது உங்கள் ஆவிக்குக் கொடுங்கள்.

வாழும் நம்பிக்கை பற்றி நம் தமிழர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவடி நம்முடையது, தீமிதி நம்முடையது, முனீஸ்வரன் நம்மவர். அதனால் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். விரதமிருந்து அலகு குத்தி நடக்கிறவரை ஒரு விளையாட்டில் சக்தி ஏற்றிக்கொள்ளும் வீரனாக மாற்றினால், நேர்த்திக்கடன் என்பதே காணாமல் போய்விடுகிறது. மகள் உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடக்கிற ஒரு தாய்க்கு அது எப்படி இருக்கும்? நம் ஊரில் இதெல்லாம் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தின் இடம் மாறியதற்கே பெரிய எதிர்ப்பு எழுந்து, நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நம் கோயிலுக்கே இப்படியென்றால் ஜும்மா மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் பெர் லவால் சமாதிக்கும் எவ்வளவு கவனம் வேண்டும்! நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வழிபாட்டு இடத்தின் வாசல்வரை கதை போகலாம், உள்ளே போக வேண்டுமானால் கற்பனையாக ஒரு கோயிலைக் கட்டிக்கொள்ளுங்கள். கைலாசம் என்று எல்லோரும் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் தொலைவில் தெரியட்டும், உங்கள் கதையின் சடங்கு அதற்குள் நடக்க வேண்டாம்.

அப்புறம் லொங்கானிஸ். செய்வினை, சூனியம் எல்லாம் இந்தத் தீவில் பழங்கதை ஆகிவிடவில்லை. கடனில் மாட்டியவர்கள், பிள்ளையில்லாதவர்கள், கணவன் விட்டுப்போனவர்கள் இதற்குப் பணத்தைக் கொட்டி அழிகிறார்கள். உங்கள் கதையில் மந்திரவாதி வரட்டும். ஆனால் எந்த இடுகாடு, எந்தப் பொருள், எந்த முறை என்று செய்முறைக் குறிப்பாக எழுதிவிடாதீர்கள். நவம்பர் 1ஆம் தேதி குடும்பங்கள் பூவோடு வந்து கழுவிச் சுத்தம் செய்கிற கல்லறைகள் அவை. மத்தியச் சந்தையில் மூலிகை விற்கிறவர்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். கதைக்கு அருமையான மனிதர்கள், நானே பலமுறை எழுத்தாளர்களை அங்கே அனுப்பியிருக்கிறேன். நிஜ மூலிகையின் பெயரைச் சொல்லி அது சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக எழுதினால், படிக்கிற ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். மூலிகைக்கும் கற்பனைப் பெயர் வையுங்கள்.

உங்கள் ஆவிகள் என்ன மொழி பேசும் என்பதையும் யோசித்து வையுங்கள். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். 1900இல் இறந்த பாட்டி மேடைத் தமிழில் சபிப்பது காதுக்கு ஒட்டாது. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனும் தச்சனும் பேசினால் கதை வேறு. இந்த நகரத்தின் முதல் கட்டடங்களில் அவர்கள் கை பட்டிருக்கிறது. அவர்களுடைய தமிழ் சுவருக்குள் இருக்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை. அச்சுக்கோ படப்பிடிப்புக்கோ போகும் முன், நீங்கள் எழுதிய பேட்டையிலேயே வாழ்கிற ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பிளென் வெர்த்தில் நடக்கிற கதையை ரோஸ் ஹில்காரர் சரிபார்த்தால் போதாது. சீனத் தெருவில் கதை நடந்தால் அங்கே கடை வைத்திருக்கிறவர் படிக்கட்டும். பஸ் எந்தப் பக்கம் நிற்கும், எந்தக் கடை எப்போது மூடும் என்றுதான் முதலில் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டால், எந்த மரணத்தைத் தொடக் கூடாது, எந்த மரத்தடியில் இன்னும் விளக்கு வைக்கிறார்கள் என்பதையும் சொல்வார்கள். அது உழைப்பு. அதற்குப் பணம் கொடுங்கள், தயாரிப்புச் செலவைப் போடும்போதே அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.