மூளை ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள்: பி.பி.க்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்?

தலைசுற்றல் என்று போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால், அறுபதைத் தாண்டிய பலருடைய ரிப்போர்ட்டில் 'வெண்பொருளில் சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள், ஃபசெகாஸ் கிரேடு 1' என்று ஒரு வரி இருக்கும். வயசானா வர்றதுதான் என்று அதோடு விட்டுவிடுவார்கள். பாதி சரி.

மூளையின் மேலோட்டில் இருப்பது சாம்பல் பகுதி, நரம்பணுக்கள் குடியிருக்கும் இடம். அதற்கு அடியில், ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நீள நீளமான நரம்பிழைகள். இவற்றின் மேல் மையலின் என்ற கொழுப்புறை சுற்றியிருப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது, அதுதான் வெண்பொருள். 2003இல் வந்த ஒரு டென்மார்க் ஆய்வின் கணக்குப்படி, 20 வயது ஆணின் மூளையில் இந்த உறையிட்ட இழைகளின் மொத்த நீளம் சுமார் 1,76,000 கிலோமீட்டர்! 80 வயதுக்குள் அதில் ஏறக்குறைய 45 சதவீதம் போய்விடுகிறது.

இங்கே வரும் ரத்தக்குழாய்கள் மெல்லியவை, நீளமானவை, ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாய் கைகொடுக்காது. கடைமடை வயல் மாதிரி, மேலே கொஞ்சம் குறைந்தாலும் இங்கேதான் முதலில் காயும். பல வருடம் பி.பி. கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் குழாயின் சுவர் தடித்து, உள்வழி சுருங்கி, தேவைப்படும்போது விரிந்துகொடுக்கும் தன்மையும் போய்விடும். சுவர் வழியாகக் கசிவும் உண்டு. மையலினைத் தயாரிக்கும் செல்களோ ஆக்சிஜன் பற்றாக்குறையைத் தாங்காது. உறை சிதைந்த இடத்தில் நீர்ச்சத்து கூடும், ஸ்கேனில் வெள்ளைத் திட்டாகப் பளிச்சென்று தெரிவது அதுதான்.

சரி, மறதி எப்படி வருகிறது? உண்மையில் முதலில் வருவது மறதியே இல்லை, மந்தம். மூளையின் முன்பகுதிக்குப் போகும் இணைப்புகள் அடிபடுவதால், பேரன் பேத்தி பெயரெல்லாம் சரியாகச் சொல்பவர், ஒரே நேரத்தில் அடுப்பில் குழம்பையும் பக்கத்தில் பொரியலையும் பார்த்துக்கொள்ளத் திணறுவார், கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வரும். நடையும் மாறும்: குட்டிக் குட்டி அடிகள், தரையோடு ஒட்டினாற்போல் பாதம். வீட்டில் இதை மூட்டு வலிக் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் வழக்கம்.

ஃபசெகாஸ் என்பது 1987இல் வந்த 0 முதல் 3 வரையிலான அளவுகோல். 1 என்றால் ஆங்காங்கே புள்ளிகள், வயதானவர்களிடம் ரொம்ப சகஜம், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று கூடிப் படர்ந்துவிட்டன. 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், திட்டுகள் அதிகம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, பக்கவாதத்துக்கு மூன்று மடங்கு. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமரும் இந்தத் திட்டுகளும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் சாதாரணம்.

வந்த திட்டை அழிக்கும் மாத்திரை கிடையாது, ஆனால் வளர்வதை மெதுவாக்கலாம். அமெரிக்காவில் 9,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், பி.பி.யின் மேல் எண்ணை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்குச் சுமார் நான்கு வருடத்தில் திட்டுகள் 0.92 கன செ.மீ. வளர்ந்தன, 140 போதும் என்று விட்டவர்களுக்கு 1.45. டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான நினைவுக் கோளாறும் 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்தது, ஆனால் அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் சுகர் உள்ளவர்களையும், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. எழுந்து நின்றாலே தள்ளாடும் முதியவருக்கும் அதே 120ஐத் துரத்தினால் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடையலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்த இரண்டு எண்களையும் வைத்து அவர் முடிவு செய்யட்டும்.