விலை உயர்ந்த மாடு, வலுவான மாடு அல்ல

தென்னாப்பிரிக்காவின் ஸ்டாங்கர் பக்கம் ஒரு பண்ணையில் போன வாரம் செத்ததும், விலை உயர்ந்த ஜப்பானிய இறைச்சி மாடான வாக்யூ இனக் கிடேரிதான். உள்நாட்டு மேட்டு நில மாகாணமான ஃப்ரீ ஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்து இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இந்தக் கடற்கரையோரத்தில் இதையே எத்தனை பண்ணைகளில் பார்ப்பது! மார்பைத் திறந்தால் இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் நிறத் தண்ணீர், மூச்சுக்குழாய் முழுக்க நுரை. மூளையிலிருந்து கடுகளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தது உறுதி செய்துகொள்ளத்தான். ஹார்ட்வாட்டர், உண்ணி கடித்துப் பரவும் நோய். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நுகுனி என்ற நாட்டு மாடுகள் அதே புல்லை மேய்ந்து, அதே உண்ணிகளைச் சுமந்துகொண்டு, நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"இவ்வளவு பணம் கொட்டி வாங்கினது டாக்டர், நாட்டு மாடு தாங்குறதை இது தாங்காதா?" என்று கேட்டார் உரிமையாளர். இந்தக் கேள்விதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

தாங்காது, அண்ணா. வாக்யூவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதன் தசைக்குள் நூல்நூலாக ஓடும் கொழுப்புக்கான விலை. உடல் வலுவுக்கோ நோய் எதிர்ப்புக்கோ வெயில் தாங்குவதற்கோ அதில் ஒரு ராண்ட்கூடச் சேரவில்லை. ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது இறைச்சியின் தரத்துக்காக. ஹார்ட்வாட்டரைப் பரப்பும் நம் பான்ட் உண்ணியை அந்த இனம் அங்கே பார்த்ததே இல்லை. நுகுனி மாடோ இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக உண்ணியோடு பழகி, தாங்காதவை செத்துத் தாங்கியவை மிஞ்சி வந்த இனம். பொன்ஸ்மாரா இனமும் இந்த மண்ணுக்கென்றே உருவானதுதான். விஞ்ஞானி யான் பொன்ஸ்மா 1937-இல் தொடங்கி, எட்டில் ஐந்து பங்கு ஆஃப்ரிகானர் என்ற உள்ளூர் மாட்டினத்தின் ரத்தம் வைத்து அதை உருவாக்கியதே வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் இறைச்சி மாடு வேண்டும் என்பதற்காகத்தான். அவர் அந்த வேலையைச் செய்து முடித்து இத்தனை காலம் ஆகியும், விலைப் பட்டியலைப் பார்த்து மாட்டின் வலுவை அளக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

"சுத்தமான பண்ணையிலிருந்து வந்தது, ஒரு உண்ணிகூடக் கிடையாது" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆபத்தே அதுதான். பான்ட் உண்ணியே இல்லாத மேட்டு நிலத்தில் வளர்ந்த மாட்டின் உடலுக்கு இந்த நோயைத் தெரியாது. "எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு" என்று விற்றவர் சொன்னாராம். அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஹார்ட்வாட்டர் அதில் இல்லை. அவர் ஊரில் அந்த நோயே இல்லாதபோது ஏன் போடப்போகிறார்? அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை.

அந்தத் தடுப்பு மருந்தும் மற்றவை மாதிரி அல்ல. நோய்க்கிருமி உள்ள ஆட்டு ரத்தத்தை உறைய வைத்து அனுப்புவார்கள். உருக்கிய உடனே நரம்பில் ஏற்ற வேண்டும். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் நோயே வந்துவிடும், தினமும் காய்ச்சல் பார்த்து, ஏறும் நாளில் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். கேட்ட நாளில் கிடைப்பதும் இல்லை. வேலையாளிடம் கொடுத்துப் போடச் சொல்லும் ஊசி அல்ல இது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாக்யூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் மாட்டிறைச்சி தொடாத நம் இந்தியக் குடும்பங்கள்கூடக் கரும்பு விவசாயத்தை நம்ப முடியாமல் மாட்டுக்கு மாறுகின்றன; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வளர்ந்த கிடேரியை லாரியில் ஏற்றிக் கொண்டுவராதீர்கள். உங்களிடம் இருக்கும் நுகுனி, பொன்ஸ்மாரா பசுக்களுக்கு வாக்யூ விந்தைச் சினை ஊசியாகப் போடுங்கள். வாக்யூ கன்று பிறக்கும்போது சிறியது, தலைச்சன் கிடேரிகூடச் சிரமமில்லாமல் ஈனும். முக்கியமாக, பிறந்து முதல் சில வாரங்கள் எந்தக் கன்றுக்கும் ஹார்ட்வாட்டரைத் தாங்கும் இயல்பு உண்டு. அந்தக் காலத்தில் கொஞ்சம் உண்ணி கடித்தால் உடல் நோயைக் கற்றுக்கொள்ளும். கன்றுகளை வாராவாரம் மருந்தில் முக்கி ஒரு உண்ணிகூட இல்லாமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இல்லை, வளர்ந்த மாடுதான் வேண்டும் என்கிறீர்களா? வாங்கும் முன்பே உங்கள் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், செத்த பிறகு அல்ல. இறங்கிய பின் குறித்த நாட்களில் டெட்ராசைக்ளின் போட்டுக் காப்பாற்றும் முறை உண்டு, அட்டவணையை அவர் போடட்டும். கோமாரி நோய்க்காக, புதிதாக வாங்கிய மாட்டை 28 நாள் தனியாக வைக்க வேண்டும் என்பது சட்டம். ஹார்ட்வாட்டர் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த நாட்களுக்குள்தான். அதனால் அந்த 28 நாளும் காலையில் தெர்மாமீட்டர் வையுங்கள். 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே போன் செய்யுங்கள். மாடு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து, வாயில் ஒன்றுமில்லாமல் மென்று, வட்டம் சுற்ற ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால் நான் வந்து பெரும்பாலும் அறுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். வாலடியிலும் மடியிலும் தொடை இடுக்கிலும் கையால் தடவிப் பாருங்கள். தன் முதுகில் வண்ணக்கோலம் போட்ட பெரிய உண்ணி கையில் பட்டால் அதுதான் பான்ட்.

பணக் கணக்கையும் பாருங்கள். சாதாரணக் கன்று பால் மறந்ததும் ஃபீட்லாட் என்ற கொழுக்கவைக்கும் பட்டியில் மூன்று நான்கு மாதம் தின்று, பால்பல் விழும் முன்பே இறைச்சிக்கூடம் போய்விடும். பல்லை வைத்து வயதைப் பார்க்கும் இறைச்சி வகைப்பாட்டில் அதற்கு ஏ வகுப்பு. வாக்யூவுக்குக் கொழுப்பு படிய ஒரு வருடத்துக்கும் மேல் தீவனம் போட வேண்டும். அறுக்கும்போது வயது இரண்டரையை நெருங்கும், நிரந்தரப் பல் நான்கு முளைத்திருக்கும். இந்த நாட்டு வகைப்பாட்டில் அது பி, பழுப்பு முத்திரை. தசைக்குள் இருக்கும் கொழுப்பை அந்த வகைப்பாடு பார்ப்பதே இல்லை. பக்கத்து இறைச்சிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டால், நீங்கள் ஊட்டி வளர்த்த வாக்யூவுக்குக் கிழட்டு மாட்டுக்குப் பக்கத்து விலைதான். வாக்யூ என்றே பெயர் சொல்லி வாங்குகிறவரிடம், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் கையில் வந்த பிறகு சினை ஊசிக்குத் தேதி குறிக்கலாம்.