மாறிய வரிக்கு வெளியே: ஃபைல்சிஸ்டம் திருத்தங்களைச் சரிபார்க்கும் விதம்

டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் குறியீடான ஃபைல்சிஸ்டம் டிரைவருக்கு வரும் திருத்தம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். ஒரு வரி சேர்ந்திருக்கும், ஒரு வரி போயிருக்கும். பழைய குறியீட்டையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் கருவி மாறிய வரியையும் அதற்கு மேலே 3 வரி, கீழே 3 வரியையும் காட்டும். அதைப் படித்துவிட்டு "சரி" என்று சொல்வது எளிது. ஆனால் அந்த மாற்றம் உண்மையிலேயே சரியா என்பதற்கான விடை அந்தச் சில வரிகளுக்குள் அநேகமாக இருக்காது. மாறிய வரி இருக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் இருக்கலாம், அதைக் கூப்பிட்ட ஃபங்ஷனில் இருக்கலாம், சில நேரம் வேறு யாரோ பராமரிக்கும் பொதுக் குறியீட்டில் இருக்கலாம்.

ஃபைல்சிஸ்டத்தில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஒரு சாதாரண நிரல் தப்பு செய்து நின்றுபோனால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். ஃபைல்சிஸ்டம் செய்யும் தப்பு டிஸ்கில் பதிந்துவிடும். கணினியை அணைத்து எழுப்பினாலும் அப்படியே இருக்கும், காப்புப் பிரதியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பல வாரம் கழித்து ஒரு கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள ஃபைல்சிஸ்டம்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. ஜாவா, பைத்தான் போன்றவற்றில் பிழை தானாகவே மேலே ஏறிப் போய் அதைப் பிடிக்கும் இடத்தில் நிற்கும். சி-யில் அந்த வசதி கிடையாது. வேலை முடிந்தால் 0, முடியாவிட்டால் ஓர் எதிர்ம எண் என்று பெரும்பாலான ஃபங்ஷன்கள் திருப்பித் தரும். டிஸ்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்றால் −5. நினைவகம் கிடைக்கவில்லை என்றால் −12. டிஸ்கில் இடமில்லை என்றால் −28. கூப்பிட்ட ஃபங்ஷன் அந்த எண்ணை வாங்கிப் பார்த்து, தான் அரைகுறையாகச் செய்த வேலையைக் கலைத்துவிட்டு, அதே எண்ணை மேலே கொடுக்க வேண்டும். பல அடுக்குகளைத் தாண்டித்தான் அந்த −5 பயனரின் நிரலை எட்டுகிறது. நடுவில் ஒரே ஓர் அடுக்கு எண்ணை வாங்காமல் விட்டால் போதும்: "எழுத முடியவில்லை" என்று டிஸ்க் சொன்னது "எழுதியாயிற்று" என்று பயனரிடம் போய்ச் சேரும்.

இது எப்போதாவது நடக்கும் அபூர்வத் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸின் ஃபைல்சிஸ்டம்களையும் சேமிப்பக டிரைவர்களையும் கருவி வைத்து அலசி 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிழை எண் கடந்து போகும் 9,022 அழைப்புகளில் 1,153 அழைப்புகள், அதாவது சுமார் 13%, அந்த எண்ணைச் சரியாக வாங்கி வைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஆறு லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்களில் 8 ஆண்டுகளில் சேர்ந்த 5,079 பேட்ச்களை (திருத்தங்களை) ஆராய்ந்தது. பக்குகளில், அதாவது குறியீட்டுத் தவறுகளில், ஏறக்குறைய 40% தோல்வியைக் கையாளும் பாதைகளில்தான் இருந்தன.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வெற்றிப் பாதை ஒரு நாளில் கோடிக்கணக்கான முறை ஓடுகிறது. தோல்விப் பாதை பல கணினிகளில் ஒரு முறைகூட ஓடாது. நினைவகம் கேட்கும் இடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 கேபி வரையிலான சிறு கோரிக்கைகளை லினக்ஸ் கெர்னல் எப்பாடு பட்டாவது நிறைவேற்றப் பார்க்கும், நடைமுறையில் மறுப்பதே அரிது. அதனால் "கிடைக்கவில்லை என்றால்" என்று எழுதி வைத்த வரிகள் ஆண்டுக்கணக்கில் ஓடாமலே கிடக்கின்றன.

ஒரு கோப்பை உருவாக்குவதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் கோப்பைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் ஐநோட் என்ற கட்டமைப்புக்கு நினைவகத்தில் இடம் வாங்க வேண்டும். அடுத்து, டிஸ்கில் காலியாக இருக்கும் ஓர் ஐநோட் எண்ணைத் தேடி, எது காலி, எது எடுத்தது என்று காட்டும் பிட்மேப்பில் "எடுத்தாயிற்று" என்று குறிக்க வேண்டும். பிறகு உரிமையாளர், அனுமதி, நேரம் எல்லாம் நிரப்ப வேண்டும். கடைசியாக டைரக்டரியில் பெயரைச் சேர்க்க வேண்டும். டைரக்டரி நிறைந்திருந்து, டிஸ்கில் புது பிளாக் (ஒரு துண்டு இடம்) கேட்டு, −28 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஏணியில் ஏறிய படிகள் வழியாகவே இறங்குவது போல எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் கலைக்க வேண்டும். கெர்னலில் இதற்குப் பயன்படுவது கோ டூ கட்டளை. மற்ற இடங்களில் கெட்ட பெயர் வாங்கிய கட்டளைதான், ஆனால் கெர்னலின் குறியீட்டு நடைவிதிகளே பொதுவான கலைப்பு வேலை இருக்கும்போது அதைப் பயன்படுத்தச் சொல்கின்றன. ஃபங்ஷனின் கடைசியில் வரிசையாக லேபிள்கள் இருக்கும். எந்தப் படியில் தடுக்கியதோ அதற்கேற்ற லேபிளுக்குத் தாவி அங்கிருந்து கீழே ஓடிவர வேண்டும்.

பக்குகள் நுழைவது இந்த இறக்கத்தில்தான். ஒரு லேபிள் முன்னதாகத் தாவினால் இன்னும் வாங்காததை விடுவிப்போம். ஒன்று தள்ளித் தாவினால் வாங்கியதை விடுவிக்காமல் போவோம். நினைவகக் கசிவு என்றால் அடுத்த முறை கணினியை எழுப்பும்போது சரியாகிவிடும். இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக்கை விடுவிக்காமல் விட்டால் அந்த டைரக்டரியைத் தொடும் ஒவ்வொரு நிரலும் உறைந்து நிற்கும். பிட்மேப்பில் குறித்ததை அழிக்காமல் விட்டால் அந்த எண் டிஸ்கிலேயே தொலைந்துபோகும், சரிபார்க்கும் கருவியை ஓட்டும் வரை திரும்பி வராது.

இன்னொரு வகை, எண்ணே தப்பாகிவிடுவது. கோ டூ-வுக்கு முன் பிழை எண்ணை மாறியில் வைக்க மறந்தால், தோல்விப் பாதை முழுக்க ஓடி எல்லாவற்றையும் கலைத்துவிட்டு 0 என்று திருப்பித் தரும். எதிர்ம எண்ணை, எதிர்ம மதிப்பே வைத்துக்கொள்ளாத குறியில்லா மாறியில் போட்டால், "பூஜ்யத்துக்குக் கீழா?" என்ற கேள்விக்கு என்றைக்கும் "இல்லை" என்றே பதில் வரும். பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தரும் ஃபங்ஷன்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிழை எண்ணையே பாயிண்டருக்குள் ஒளித்து வைப்பார்கள். முகவரி வெளியின் கடைசி 4,095 முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு "வெற்றுப் பாயிண்டரா?" என்று மட்டும் சோதித்தால் பிழை சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அடுத்த வரியில் அந்த முகவரியைத் தொட்டதும் கெர்னல் விழும். குறியீட்டை ஓட்டாமலே படித்து அலசும் ஸ்மாட்ச் போன்ற நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள் இந்த ரகங்களில் நிறையவே பிடித்துக் கொடுக்கின்றன.

கருவி எளிதில் பிடிக்காதது உரிமை பற்றிய தவறு, அதாவது ஒரு பொருளை விடுவிக்க வேண்டியது யார் என்பது. இதற்கு, டிஸ்கைப் பயன்பாட்டுக்கு இணைக்கும் மவுண்ட் பாதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிரைவர் தன் தனித் தகவல்களுக்கு நினைவகம் வாங்கி, ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கை டிஸ்கிலிருந்து படித்து, கடைசியில் ரூட் டைரக்டரியை இணைக்கும். நடுவில் தோற்றால்? ரூட் இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொதுக் குறியீடு டிரைவரின் வழக்கமான மூடும் ஃபங்ஷனைக் கூப்பிடும். இணைக்கப்படாவிட்டால் கூப்பிடாது. ஆனால் நினைவகத்தில் உள்ள சூப்பர்பிளாக்கை அழிக்கும் இன்னொரு ஃபங்ஷனை இரண்டு நிலையிலும் கூப்பிடும். ஆக, "தோல்விப் பாதையில் நினைவகக் கசிவு, விடுவிக்கும் வரியைச் சேர்த்திருக்கிறேன்" என்று ஒரு பேட்ச் வந்தால், டிஃப்பில் அது பார்க்க மிக நியாயமாக இருக்கும். அந்த டிரைவரின் அழிக்கும் ஃபங்ஷன் அதே நினைவகத்தை ஏற்கெனவே விடுவிக்கிறது என்றால், கசிவுத் திருத்தம் இரட்டை விடுவிப்பாக மாறிவிடும். கசிவைவிட அது பல மடங்கு ஆபத்தானது. தாக்குபவர்கள் தேடி அலையும் ஓட்டை அது. என்னைக் கேட்டால், விடுவிக்கும் வரி ஒன்றைச் சேர்க்கும் எந்தப் பேட்சையும் முதலில் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

அழைக்கும் குறியீட்டைப் பார்க்காமல் திருத்தத்தை ஏற்றால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில், டிஸ்குக்கு நேரடியாக எழுதும் பாதையில், ஒரு பக்கைச் சரிசெய்யும் மாற்றம் முதன்மைக் கெர்னலில் சேர்ந்திருந்தது. அங்கே அது சரியாகவே வேலை செய்தது. பிறகு நிலையான பதிப்பான 6.1.64-க்கும் கொண்டுபோனார்கள். ஆனால் அது, பல ஃபைல்சிஸ்டம்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் முன்பே நடந்திருந்த வேறொரு சிறு மாற்றத்தை நம்பி நின்றது. அந்த மாற்றம் 6.1 வரிசையில் இல்லை. விளைவு, எழுதி முடித்தபின் கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடம் சரியாக நகரவில்லை, தரவு சிதைந்தது. லினக்ஸ் விநியோகமான டெபியன் தன் 12.3 வெளியீட்டை நிறுத்தி வைத்து, சரிசெய்த கெர்னலோடு 12.4-ஐ வெளியிட்டது. 6.1.66-இல் கெர்னல் சரியானது. திருத்தத்தின் வரிகளை எத்தனை முறை உற்றுப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. அது திருப்பித் தரும் எண்ணை வாங்குபவர் அந்தப் பதிப்பில் என்ன செய்கிறார் என்று பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

பிழையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அதை வாங்க ஆளே இல்லாமல் போவதும் உண்டு. ஒரு நிரல் எழுதும்போது தரவு உடனே டிஸ்குக்குப் போவதில்லை. நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில் தங்கி, பிறகு பின்னணியில் எழுதப்படும். அப்போது டிஸ்க் மறுத்தால், எழுதிய அழைப்பு எப்போதோ "வெற்றி" என்று திரும்பியிருக்கும். தரவை டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் என்ற அழைப்பை நிரல் செய்யும்போதுதான் அந்தப் பிழையைச் சொல்ல வாய்ப்பு. 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் அதிர்ந்துபோன விஷயம் இதுதான். எழுதத் தோற்ற கேஷ் பக்கத்தை லினக்ஸ் "சுத்தம்" (எழுத எதுவும் மீதமில்லை) என்றே குறித்துவிடும், பிழையை ஒரு முறை சொல்லும். நிரல் இன்னொரு முறை எஃப்சிங்க் செய்தால் வெற்றி என்று பதில் வரும், தரவு டிஸ்குக்குப் போயே இருக்காது. அதற்கு முன்பே, 2017-இல் வந்த 4.13 கெர்னல், பிழை நேர்ந்தபோது கோப்பைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும் முறையைக் கொண்டுவந்திருந்தது. ஆனாலும் மறுமுயற்சி பலிக்காது என்பது மாறவில்லை. 2019-இல் போஸ்ட்கிரெஸ் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது: எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்றுவிட்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீண்டு எழும்.

நின்றுவிடுவது என்பது ஃபைல்சிஸ்டத்துக்குள்ளும் கௌரவமான விடைதான். பாதி மாற்றம் நடந்துவிட்ட நிலையில், கலைப்பதே புதுத் தவறுக்கு வழி வகுக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம், மாற்றம் தொடங்கிவிட்ட பரிவர்த்தனையை ரத்து செய்ய நேர்ந்தால், தன்னையே மூடிக்கொள்ளும். மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் ஜர்னலில் முழுமையாகப் பதிவானதை வைத்து அடுத்த மவுண்டில் எழுந்துகொள்ளும். எக்ஸ்ட்4-இல் பிழை கண்டால் தொடரவோ, படிக்க மட்டும் என்று மாறவோ, கெர்னலையே நிறுத்தவோ நிர்வாகி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் டிஸ்கிலிருந்து வந்த எண் ஒன்று பொருந்தவில்லை என்பதற்காகக் கெர்னலையே விழச் செய்யும் பழைய வரிகள் வேறு ரகம். யாரோ செருகிய கெட்டுப்போன பென் டிரைவ் கணினியை வீழ்த்தக் கூடாது. அத்தகைய வரிகளை எடுத்துவிட்டு, "கட்டமைப்பு சிதைந்திருக்கிறது" என்பதற்கான −117-ஐத் திருப்பித் தரும் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது எழும் கேள்வி: முன்பு இந்த இடத்தைத் தாண்டிக் கட்டளை போனதே இல்லை, இப்போது போகிறது. அப்படியானால் இதைக் கூப்பிடும் எல்லோரும் பிழையை வாங்கத் தயாரா?

இதையெல்லாம் கண்ணால் மட்டும் பார்த்து முடிக்க முடியாது, தோல்வியை வரவழைத்துப் பார்க்க வேண்டும். நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே மறுக்கும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. கெர்னலின் டிவைஸ் மேப்பர் வசதியில் உள்ள ஃப்ளேக்கி என்ற போலி டிஸ்க் வகை, நல்ல டிஸ்கை அவ்வப்போது பழுதானது போல நடிக்க வைக்கும். கூகுளின் தானியங்கிச் சோதனைக் கருவியான சிஸ்காலர், சிதைத்த டிஸ்க் பிம்பங்களை மவுண்ட் செய்து பார்த்து ஓயாமல் பக்குகளைக் கக்குகிறது. ஒரு திருத்தம் வந்தால் "இந்தத் தோல்விப் பாதையை ஓட்டிப் பார்த்தீர்களா, எப்படி?" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். எந்தப் பழைய மாற்றம் இந்த பக்கைக் கொண்டுவந்தது என்று குறிப்பிடும் வரியையும் பார்க்க வேண்டும். அந்தப் பழைய மாற்றத்தைத் திறந்து படித்தால், அதே தவறு பக்கத்து ஃபங்ஷன்களிலும் இருப்பது அடிக்கடி கண்ணில் படும்.

2023-இல் வந்த 6.5 கெர்னலில் இருந்து, மாறியின் எல்லை முடிந்ததும் நினைவகத்தையும் லாக்கையும் தானாக விடுவிக்கும் வசதி வந்துவிட்டது. இது பரவப் பரவ லேபிள்கள் குறையும், கசிவுகளும் மறந்த லாக்குகளும் பெருமளவு ஒழியும். பெரிய நிம்மதி அது. ஆனால் பிட்மேப்பில் குறித்த ஐநோட் எண்ணையும் டைரக்டரியில் பாதி எழுதிய பெயரையும் கம்பைலர் அறியாது. அவற்றை எந்த வரிசையில் கலைப்பது, எப்போது கலைக்காமல் மூடிவிடுவது என்பதை அந்த ஃபைல்சிஸ்டத்தை அறிந்த ஒருவர் முழு ஃபங்ஷனையும் திறந்து வைத்துப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.