நாக்கிங்: தமிழில் தட்டல்

வண்டி இன்ஜினுக்குள்ளிருந்து தட்டுவது போல வரும் கோளாறுச் சத்தத்தை நாக்கிங் என்பார்கள். அதற்குத் தமிழில் தட்டல் என்றே சொல்லலாம். தனியாகச் சொன்னால் குழப்பம் வரும் என்றால் இன்ஜின் தட்டல். ஒர்க்‌ஷாப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஏத்தத்துல நாக் அடிக்குதுண்ணே" என்பதுதான் அங்கே வழக்கு.

ஆங்கிலத்தில் இது கதவைத் தட்டுவதற்கு உள்ள அதே சொல். பழைய ஆங்கிலத்தில் 'க்னோகியன்'. முதலில் உள்ள ககரத்தை அப்போது உச்சரித்தார்கள், பிறகு எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. நம்முடைய 'டக் டக்' போல ஒலியிலிருந்தே பிறந்த சொல் அது. ஜெர்மானியர்களும் இந்தக் கோளாறைத் தட்டுதல் என்றே சொல்கிறார்கள். பிரிட்டனில் 'பிங்க்கிங்' என்றும் ஒரு பெயர் உண்டு. எல்லாரும் காதை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால், தட்டல் இங்கே சரியாகவே பொருந்துகிறது. இடிப்பு என்றால் கட்டடம் நினைவுக்கு வரும். மோதல் என்றால் விபத்து. வெடிப்பு என்றால் காரணம் தெரியும், ஆனால் பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடலில், விழுந்த விரிசலோ என்று பயம் வந்துவிடும்.

காரணம் வெடிப்புதான். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் வெடிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். முறையாக ஓடும் இன்ஜினில் அது எரியத்தான் செய்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பிளக் பொறி வைக்கும், அங்கிருந்து தீ சீராகப் பரவும். அந்தத் தீ போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொண்டால் ஒரே நொடியில் வெடிக்கும். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவது போல 'கிண் கிண்' என்று கேட்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்காமல் மிதித்தால் இது தெளிவாகவே கேட்கும்.

சரி, கேட்டதும் என்ன செய்வது? காலைத் தளர்த்தி ஒரு கியர் குறையுங்கள். சத்தம் நின்றால் இது எரிபொருள் சார்ந்த தட்டல். வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. விடாமல் தட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும். அப்புறம் கூலன்ட் அளவு, பிளக், கார்பன் படிவு, பழைய வண்டி என்றால் டைமிங் (பொறி வைக்கும் நேரம்) என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய கார்களில் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கும். தட்டலை உணர்ந்ததும் பொறி வைக்கும் நேரத்தைக் கணினி தாமதமாக்கிவிடும். அதனால் பலருக்குச் சத்தமே கேட்காது, "வண்டி இழுக்கலை" என்று மட்டும் சொல்வார்கள்.

பெட்ரோலும் காரணமாகலாம். ஆக்டேன் எண் என்பது தட்டலைத் தாங்கும் திறனின் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்த அளவுகோல் அது. கையேட்டில் கேட்டிருக்கும் எண்ணுக்குக் குறையாமல் போட்டால் போதும். அதைவிடக் கூடுதல் எண்ணுக்குக் காசு கொடுப்பது சாதாரண வண்டிக்குப் பெரும்பாலும் வீண். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் தட்டல் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். தட்டல் அடங்கியது, உலகம் முழுக்க ஈயப் புகை பரவியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000 வரை ஆனது. இன்று கலக்கும் எத்தனாலைப் பற்றி ஆயிரம் குறை சொன்னாலும், தட்டலை அடக்குவதில் அது கெட்டிக்காரன்.

இந்த ஒரே சொல்லில் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் சிக்கல். 'ராட் நாக்' என்று மெக்கானிக் சொன்னால் அது எரிபொருள் சங்கதியே இல்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து, உலோகத்தோடு உலோகம் அடிக்கிறது. இதைத் தேய்மானத் தட்டல் என்றும், முன்னதை வெடித்தட்டல் என்றும் பிரித்துச் சொல்வது என் யோசனை.

தேய்மானத் தட்டல் கனமான 'டொக் டொக்'. நியூட்ரலில் வைத்து மிதித்தாலும் ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் சுழலும் வேகத்துக்கு) ஏற்றபடி தட்டலின் வேகம் கூடும், கியரைக் குறைத்தாலும் நிற்காது. கூடவே ஆயில் விளக்கும் எரிந்தால், ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். சூடு ஆறியதும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம்தான், ஆனால் ஊற்றியபின் சத்தம் நின்றாலும் நம்பி ஓட்டாதீர்கள். ஆள் வைத்துக் கட்டியிழுத்துக்கொண்டு போவதே மலிவு. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கிராங்க்கைச் சாணை பிடித்து, பேரிங் மாற்றி முடிக்க வாய்ப்பு உண்டு. "பக்கத்து ஊர்தானே" என்று ஓட்டினால் ராட் உடைந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதன்பின் இன்ஜினையே மாற்ற வேண்டியதுதான்.