எம்பாலிசம்: அடைப்பா, தக்கையடைப்பா?

கடலூரிலிருந்து சித்தப்பாவைப் புதுச்சேரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடிய இரவு, கையெழுத்துக்கு நீட்டிய தாளில் 'நுரையீரல் அடைப்பு – இதய எதிரொலித் தேர்வு' என்று அச்சடித்திருந்தது. சித்தி நர்ஸிடம், "ஏம்மா, சளி அடைச்சிருந்தா ஆவி பிடிச்சாப் போதாதா? நெஞ்சுல எதுக்கு ஸ்கேன்?" என்றார். அந்தச் சொல்லைப் படித்தால் யாருக்கும் சளிதான் தோன்றும். அப்புறம் டிவியிலும் அதே 'நுரையீரல் அடைப்பு' நாலைந்து முறை காதில் விழுந்துவிட்டது.

'பல்மனரி எம்பாலிசம்' என்ற நோய்ப்பெயரைத்தான் அப்படி 'நுரையீரல் அடைப்பு' ஆக்கியிருந்தார்கள். எம்பாலிசம் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'எம்போலஸ்' என்றால் செருகிய ஆப்பு, அடைப்பான். 1840களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ அதை நோய்ப்பெயராக்கினார்.

அடைத்தது அங்கேயே உருவானதல்ல, வேறிடத்திலிருந்து வந்தது என்பதுதான் அந்தப் பெயரின் உயிர். பெரும்பாலும் கால் சிரையில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்குகிறது. மூச்சுக்குழாய்க்கு இதில் வேலையே இல்லை. 'நுரையீரல் அடைப்பு' இது எதையும் சொல்வதில்லை. சிலர் 'உறைகட்டி அடைப்பு' என்கிறார்கள். குழாய்க்குள் இருந்த இடத்திலேயே உறையும் திராம்போசிஸும் அதில் சேர்ந்துவிடும். எலும்பு முறிந்தவருக்குக் கொழுப்புத் துணுக்கு போய் அடைப்பதும் எம்பாலிசம்தான். அதில் உறைகட்டி ஏது?

'தக்கையடைப்பு' நல்ல சொல். கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன்வலையின் மேல்கயிற்றில் கட்டுவதும் தக்கை, பாட்டில் வாயில் செருகுவதும் தக்கை. மிதந்து வருவதும் வந்து அடைப்பதும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெதற்கு அலைவது? 'நுரையீரல் தமனித் தக்கையடைப்பு' என்று போட்டிருந்தால் சித்தியின் ஸ்கேன் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்திருக்கும். தமனி அடைபட்டால், அதற்குள் ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலது கீழறை திணறிப் பருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து, சிடி ஸ்கேன் அறைக்கு நகர்த்த முடியாதவருக்குப் படுக்கையிலேயே எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைக் காட்டும் ஸ்கேன், வைத்து அதைத்தான் பார்க்கிறார்கள். எக்கோ சரியாக இருப்பதால் தக்கை இல்லை என்று ஆகாது. சின்னதாக இருந்தால் இதயம் காட்டிக்கொடுக்காது.

'எதிரொலித் தேர்வு' இன்னொரு கூத்து. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ஆட்டோக்காரர் வரை எக்கோ என்கிறார்கள். 'தேர்வு' என்றால் சித்தப்பா எழுதி பாஸாக வேண்டுமா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், வார்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

எக்கோ எடுத்த டாக்டர் தாளைப் பார்க்கவேயில்லை. திரையில் பருத்திருந்த அறையைக் காட்டி, "எங்கிருந்தோ தக்கை மாதிரி ஒண்ணு வந்து மாட்டியிருக்கும்மா" என்றார். சித்தி உடனே, "போன வாரம் பூரா இடது கெண்டைக்கால் வீங்கியிருந்துச்சே சார்" என்றார்.