ஐம்பது வயதுக்கு மேல் புது மச்சமா?

மூக்கோரத்தில் மிளகளவு கறுப்பாக ஒன்று வந்தது. மச்சம் என்று விட்டுவிட்டார்கள். ரத்தம் கசிந்தபோது சுண்ணாம்பு வைத்தார்கள். பிறகு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு. என்னிடம் வந்தபோது அந்த அம்மாவின் மூக்கு மடல் அரித்துப்போயிருந்தது. பயாப்சியில், அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில், தெரிந்தது பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று. ஆயுள் முழுக்கக் கடலைக்காட்டில் களை எடுத்தவர். மிளகளவிலேயே வந்திருந்தால் சின்ன அறுவையோடு முடிந்திருக்கும்.

"வெள்ளைக்காரர்களுக்குத்தானே இது வரும், டாக்டர்?" என்றார் மகன். கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. ஆஸ்திரேலிய வெள்ளையருக்கு வரும் அளவுக்கு நமக்கு வருவதில்லை, தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற நிறமி காக்கிறது. ஆனால் அது புற ஊதாக் கதிரைக் குறைக்குமே தவிர, நிறுத்தாது. மிகக் கறுத்த தோலின் இயற்கைக் காப்பை சன்ஸ்கிரீன் களிம்பின் வெயில் காப்பு எண் (SPF) கணக்கில் சொன்னால் சுமார் 13தான். கடையில் 30க்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறோம். நாற்பது வருட உச்சி வெயிலுக்கு 13 எப்படிப் போதும்? இன்னொன்று: வெள்ளைத் தோலில் முத்துப்போல மினுங்கும் இந்தப் புற்று, நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். எங்கள் பாடநூல் படங்களில் வெள்ளைத் தோலே அதிகம் என்பதால் இளம் மருத்துவர்களும் ஏமாறுகிறார்கள்.

மூக்கு, கண்ணிமை, காது மடல், கீழுதடு: வெயில் விழும் இந்த இடங்களைப் பாருங்கள். தலைப்பாகை மூக்கைக் காக்காது. அகல விளிம்புத் தொப்பி காக்கும். களையெடுப்பைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணைக் காட்டுங்கள். சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள். அழகு நிலையத்தில் மச்சத்தைச் சுட்டெடுக்காதீர்கள். சுட்டபின் பயாப்சிக்கு எதுவும் மிஞ்சாது.

வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமா என்ற இன்னொரு தோல் புற்று வேறு கதை. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது அதுதான். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. புதிதாகக் கறுப்புத் தென்பட்டால் செருப்புக் கடித்தது என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அல்பினிசத்தோடு, அதாவது மெலனின் இல்லாமலோ மிகக் குறைவாகவோ, பிறந்த குழந்தைக்கு அந்த 13கூடக் கிடையாது. இளவயதிலேயே புற்று வரக்கூடும். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், வெயிலில் வரிசையில் நிறுத்த வேண்டாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிய விடுங்கள், சீருடை விதியில் இல்லாவிட்டாலும்.