கீமோ நடக்கும்போதும் இன்ஹேலர் நிற்கக் கூடாது

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால், அதுவரை உடம்பில் இருந்த மற்ற நோய்களெல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமாவது மாத்திரை தொடர்கிறது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குக் கொடுத்த இன்ஹேலர்தான் முதலில் நின்றுபோகிறது. "இவ்வளவு மருந்து உடம்புல ஏறுது, இது வேற எதுக்கு டாக்டர்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். கீமோவுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று பயந்து தாங்களாகவே நிறுத்தியவர்களும் உண்டு.

நுரையீரல் மருத்துவராக நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் மாதங்களில் நுரையீரலை முன்னைவிடக் கூடுதலாகக் கவனியுங்கள். மூச்சு சீராக இல்லையென்றால் கீமோ தள்ளிப்போகும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கத் தயங்குவார்கள். ரேடியேஷனுக்கு அசையாமல் மல்லாந்து படுப்பதே பெரும்பாடாகிவிடும்.

இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு வருவதில் வியப்பில்லை. புகைப்பழக்கம் இரண்டுக்கும் பொதுவான காரணம். அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், சி.ஓ.பி.டி. இருப்பதே நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் பலருக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை போதும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சாக ஊதும் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். இதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பின்னால் மூச்சிரைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு கையில் இருக்கும்.

ஏனென்றால், மூச்சிரைப்பு வந்தவுடன் "பரவிடுச்சு போல" என்ற முடிவுக்குத்தான் எல்லோரும் முதலில் வருகிறார்கள். ரத்தசோகையாக இருக்கலாம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், தொற்றாக இருக்கலாம், கொடுக்கிற மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். பழைய சி.ஓ.பி.டி. சரியாகக் கவனிக்கப்படாததாலும் இருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மை அதிகம்; காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். திடீரென்று மூச்சு முட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, இன்ஹேலரை அழுத்திக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

இன்ஹேலருக்கு வருகிறேன். கீமோவால் வாயெல்லாம் புண்ணாகிப்போன ஒரு பெரியவர், எரிகிறது என்று இன்ஹேலரை நிறுத்தியிருந்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படலம். பூஞ்சைத் தொற்று. எப்படி எடுப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். முதலில் அழுத்தினார், பிறகுதான் மூச்சை இழுத்தார். மருந்து முழுவதும் வாயிலும் தொண்டையிலும் படிந்ததே தவிர நுரையீரலுக்குப் போகவில்லை. அதிலிருந்த ஸ்டீராய்டு பூஞ்சைக்கு இடம் கொடுத்திருந்தது.

பூஞ்சைக்கு மருந்தும், இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழலான ஸ்பேசர் ஒன்றும் கொடுத்தோம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அவருக்கு ஸ்டீராய்டு அவசியம் இல்லை என்று தெரிந்ததால், மூச்சுக்குழாயை விரிக்கும் இரண்டு மருந்துகள் மட்டும் சேர்ந்த இன்ஹேலருக்கு மாற்றினோம். ஸ்டீராய்டு இன்ஹேலர் சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு நிமோனியா வாய்ப்பை ஓரளவு கூட்டும் என்பதால் இதை யோசிப்பது நல்லது. ஆனால் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களுக்கும், அடிக்கடி நோய் திடீரென்று தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்களுக்கும் அது தேவைப்படலாம். எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள். பொடியை இழுக்கும் வகை இன்ஹேலருக்கு இழுவிசை வேண்டும். கீமோவில் தளர்ந்துபோனவரால் அது முடியாமல் போகலாம். அப்போது ஸ்பேசரோ நெபுலைசரோ கைகொடுக்கும்.

அடுத்தது தியோஃபிலின் மாத்திரை. மூச்சிரைப்புக்காக இதைப் பல வருடங்களாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும்போது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதுண்டு. இது ரத்தத்தில் தியோஃபிலின் அளவை ஏற்றிவிடும். புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினாலும் அந்த அளவு ஏறும். விளைவு குமட்டல், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை. எல்லோரும் கீமோ வாந்தி என்றே நினைப்பார்கள். பழைய மருந்துச் சீட்டு அத்தனையையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், கீமோ எடுப்பவருக்கு அது அவசர நிலை. வழக்கமான சளிதான் என்று விடக் கூடாது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீராய்டு, அது காய்ச்சலை மறைத்துவிடக் கூடும். ஆகவே காய்ச்சல் இல்லாவிட்டாலும் சளியின் நிறம் மாறினால், அளவு கூடினால், மூச்சிரைப்பு வழக்கத்தைவிட அதிகமானால் உடனே சொல்லுங்கள்.

பழைய சீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பழக்கம் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் காலத்தில் அது ஆபத்து. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியும் சில புதிய புற்றுநோய் மாத்திரைகளும் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம். மார்பில் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு, சிகிச்சை முடிந்து பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்புமாக அழற்சி தலைகாட்டலாம். இரண்டுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சி.ஓ.பி.டி. திடீரென்று தீவிரமாகும்போது வழக்கமாக ஐந்து நாள் ஸ்டீராய்டு போதும். அழற்சிக்கோ வாரக்கணக்கில் கொடுத்து மெதுவாகக் குறைக்க வேண்டும். நீங்களாக நான்கு நாள் போட்டு நிறுத்தினால், எது எதுவென்று பிரித்தறிவதே எங்களுக்குச் சிரமமாகிவிடுகிறது. நுரையீரலைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தான ப்ளியோமைசின் எடுத்தவர்கள், பின்னாளில் எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஆக்சிஜனை அதிகம் வைத்தால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சி.ஓ.பி.டி. முற்றிய பலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 98 வர வேண்டும் என்று குழாயைத் திருகினால் மயக்கத்தில் ஆழ்ந்துவிடக் கூடும். உங்கள் அளவு என்ன என்று கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

புகையை இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: நிறைய ஆகும். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் குறையும். எர்லோடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவு, புகைப்பவர்களின் ரத்தத்தில் குறைந்துபோகிறது. தடுப்பூசிகளில் இன்ஃப்ளூயன்சாவும், நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கலும் முக்கியம். முடிந்தால் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கீமோவின்போது கூடாது.

எல்லா மருந்தும் சரியாக இருந்தும் மூச்சிரைப்பு விடவில்லை என்றால், அதற்கும் வழி இருக்கிறது. முன்னால் சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி உட்காருங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுங்கள். சின்ன கைவிசிறி ஒன்றை முகத்துக்கு நேராகப் பிடித்தால் பலருக்கு மூச்சு அடங்குகிறது. அதுவும் போதாதவர்களுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுக்கிறோம். மார்ஃபின் என்றதும் குடும்பம் கலங்கிப்போகிறது, கடைசிக் கட்டம் என்று சொல்கிறோமோ என்று. அப்படி இல்லை. மருத்துவர் கண்காணிப்பில் சிறிய அளவில் கொடுக்கும்போது அது திணறலைத் தணிக்கும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே எழுதித் தரச் சொல்லுங்கள்.